காணும் உரிமையும் காக்கும் கடமையும்: இராணுவ விமானங்களைப் படமெடுத்தல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கண்ணுக்குத் தானாகப் புலப்படும் ஒன்றைக் காண்பதை எந்த நாட்டுச் சட்டமும் குற்றமெனக் கொள்வதில்லை. ஆயின், கண்ட அதே பொருளைப் புகைப்படக் கருவியொன்றினாற் பதிவு செய்வதைப் பல நாட்டுச் சட்டங்கள் குற்றமெனக் கொள்கின்றன. இராணுவ விமானங்களையும் அவை தங்கும் இடங்களையும் படமெடுத்தல் இத்தகைய செயல்களுள் ஒன்று. வானத்திற் பறக்கும் விமானத்தை எவரும் அண்ணாந்து பார்க்கலாம்; அதன் ஒலியைக் கேட்கலாம்; அதைப் பற்றி அயலவரோடு பேசலாம். படமெடுக்கும் கணத்தில் மட்டும் பார்வையாளன் சந்தேகத்துக்குரியவனாக மாறுகிறான். இம்மாற்றத்துக்கு நியாயம் உண்டா? உண்டெனின் அதன் எல்லை யாது? அந்த எல்லை எல்லோருக்கும் ஒன்றுதானா? இவை சட்டநூல்களுக்குள் மட்டும் அடங்கும் வினாக்கள் அல்ல. அரசுக்கும் குடிமகனுக்கும் இடையே நிலவ வேண்டிய நம்பிக்கை எத்தகையது என்ற பழைய அறவியல் வினாவின் புதிய வடிவங்களே இவை.

ஊவா மாகாணத்தின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நோக்குமிடத்து இவ்வினா தனித்ததொரு கூர்மை பெறுகிறது. அப்புத்தளை நகரம் மத்திய மலைநாட்டின் தென்விளிம்பில் அமைந்தது. அவ்விடத்திலிருந்து நிலம் செங்குத்தாகச் சரிந்து தென்சமவெளியில் இறங்குகிறது. அச்சமவெளியிலே வீரவில விமானத்தளம் உள்ளது. அங்கிருந்து எழும் சிறு விமானமொன்று மலையை நெருங்கும்போது, கொழுந்து பறிப்போர் அதனைத் தமக்கு நேராகவோ தமக்குக் கீழாகவோகூடக் காணக்கூடும். அப்புத்தளைக்கு அடுத்துள்ள தியத்தலாவை, 1900ஆம் ஆண்டிலே போவர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்த முகாமாகப் பெயர்பெற்றது. 1952 முதல் வான்படையினரின் பயிற்சிக்கும் இடமாயிற்று. அதே தியத்தலாவையில் நில அளவைத் திணைக்களத்தின் கல்வி நிறுவனமும் இயங்குகிறது. விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நிலத்தை அளக்கும் கலை அங்கே கற்பிக்கப்படுகிறது. வானிலிருந்து நிலத்தைப் படமெடுப்பது கல்வியாகவும், நிலத்திலிருந்து வானைப் படமெடுப்பது ஐயத்துக்குரியதாகவும் ஒரே ஊரில் அருகருகே நிற்கின்றன.

தடையின் வரலாறு

இராணுவ இரகசியங்களைக் காக்கும் இன்றைய சட்டங்கள் பலவற்றின் மூலம் பிரித்தானியாவின் 1911ஆம் ஆண்டுச் சட்டமாகும். ஜெர்மனியுடன் போர் மூளுமோ என்ற அச்சம் நிலவிய அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், பொதுமக்கள் சபை அதனை ஒரே நாளிற் சுருங்கிய விவாதத்தோடு நிறைவேற்றியது. 'வரைபடம்' என்ற சொல் புகைப்படத்தையும் உள்ளடக்கும் என அச்சட்டம் வரையறுத்தது. இதன் வழிவந்த இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம், அரசுக்குரிய விமானத்தையும் 'தடைசெய்யப்பட்ட இடம்' என்னும் வரைவிலக்கணத்துள் அடக்கியது. இது கருதத்தக்கதொரு விந்தை. இடம் என்பது நிலையாக இருப்பது. மனிதன் அதனுள் நுழைகிறான் அல்லது நுழையாதிருக்கிறான். விமானமோ தானே நகர்ந்து மனிதனின் தலைக்கு மேலே வருவது. தன் வீட்டு முற்றத்தை விட்டு அசையாத ஒருவன், தடைசெய்யப்பட்ட இடமொன்று தன்னைக் கடந்து செல்வதாற் குற்றத்தின் அருகே நிறுத்தப்படுகிறான்.

இலங்கையில் 1955ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க அரச இரகசியங்கள் சட்டம் இத்துறையிற் பிரதான சட்டமாக உள்ளது. குறித்த இடங்களைத் தடைசெய்யப்பட்ட இடங்களாக வர்த்தமானி மூலம் பிரகடனஞ் செய்யும் அதிகாரத்தை அது அமைச்சருக்கு வழங்குகிறது. இவ்வதிகாரம் எவ்வளவு எளிதில் விரியக்கூடியது என்பதை 2022 செப்டெம்பர் மாத நிகழ்வு காட்டியது. கொழும்பிற் பல பகுதிகள் இச்சட்டத்தின்கீழ் அதி உயர் பாதுகாப்பு வலயங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. சட்டத்தரணிகள் சங்கமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் இதனை எதிர்த்தன. சில நாட்களில், ஒக்டோபர் 1ஆந் திகதி, அப்பிரகடனம் இரத்துச் செய்யப்பட்டது. பகைவனிடமிருந்து இரகசியத்தைக் காக்க இயற்றப்பட்ட சட்டம், குடிமக்கள் கூடும் வீதிகளை மூடவும் பயன்படலாம் என்பதே இதனாற் பெறப்படும் பாடம்.

தடையின் நியாயம்

எனினும், தடைக்கு நியாயமே இல்லையெனக் கூறுவது பொருந்தாது. விமானத்தின் சிறகின்கீழ் எந்த ஆயுதம் பொருத்தப்பட்டுள்ளது, எத்தனை விமானங்கள் ஒரு தளத்தில் நிற்கின்றன, அவை எங்கே நிறுத்தப்படுகின்றன, எப்போது புறப்படுகின்றன என்பன யாவும் படங்களிலிருந்து அறியத்தக்கவை. தனித்தனியே பொருளற்றவையாகத் தோன்றும் துணுக்குகள் ஒன்றுசேர்ந்தபின் பொருளுள்ளவையாகின்றன. கோலத்தின் ஒவ்வொரு புள்ளியும் தனியே வெறும் புள்ளிதான். இழை ஓடியபின் அது வடிவம் பெறுகிறது. இலங்கையில் 2001 ஜூலை 24 கட்டுநாயக்கவிலும், 2007 ஒக்டோபர் 22 அநுராதபுரத்திலும் விமானத்தளங்கள் தாக்கப்பட்டு விமானங்கள் அழிக்கப்பட்டன. இத்தகைய தாக்குதல்களைத் திட்டமிடுவோருக்குத் தளத்தின் அமைப்பு பற்றிய அறிவு இன்றியமையாதது. தளத்தைக் காக்கும் காவலாளி படக் கருவியைக் கண்டு அஞ்சுவது அறியாமையால் அன்று.

ஆயின், அஞ்சுதல் வேறு. அஞ்சியவாறே தீர்ப்பளித்தல் வேறு. கிரேக்க நாட்டில் நிகழ்ந்த வழக்கொன்று இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. விமானங்களைக் கண்டு அவற்றின் இலக்கங்களைக் குறித்து வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பிரித்தானியர் பன்னிருவரும் ஒல்லாந்தர் இருவரும் 2001 நவம்பரிற் கலமாட்டா விமானத்தளத்திற் கைதுசெய்யப்பட்டனர். 2002 ஏப்ரலில் எண்மருக்கு உளவுக் குற்றத்துக்காக மூன்றாண்டுச் சிறைத்தண்டனையும், ஏனைய அறுவருக்கு உடந்தையாயிருந்தமைக்காக ஓராண்டுத் தண்டனையும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதினால்வரையும் விடுவித்தது. பிரித்தானியாவிற் பலரும் அறிந்த எளிய பொழுதுபோக்கு, அதனை அறியாத நாட்டில் உளவாகத் தோன்றிற்று. செயலின் பொருள் அதனை நோக்குவோரின் பழக்கத்தையும் சார்ந்தது என்பது இதனால் விளங்கும்.

அரசே மக்களை விமானங்களை உற்றுநோக்குமாறு வேண்டிய காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில், பகை விமானத்தை இனங்காண்பதற்காக விமானங்களின் நிழலுருவப் படங்கள் பொதுமக்களிடையே பரப்பப்பட்டன. 'ஏரோபிளேன் ஸ்பொட்டர்' என்ற இதழ் 1941 முதல் 1948 வரை இப்பணிக்கென்றே வெளிவந்தது. தனக்கு உதவும்போது குடிமகனின் கண்ணை அரசு காவலாகக் கொள்கிறது. உதவாதபோது அதே கண்ணை உளவாகக் கொள்கிறது. எனவே, பார்வையிலே இயல்பான குற்றம் எதுவும் இல்லை. இடம், காலம், நோக்கம் ஆகியவையே அதற்குக் குற்றத்தன்மையை ஏற்றுகின்றன.

தொழில்நுட்பம் இதனை மேலும் தெளிவாக்கியுள்ளது. ஒரு மீற்றர் அளவுள்ள பொருள்களையும் காட்டவல்ல வணிகச் செய்மதி 1999இல் ஏவப்பட்டது. 2005இற் கூகிள் நிறுவனம் உலகின் செய்மதிப் படங்களை எவரும் காணத்தக்கதாக வெளியிட்டபோது, இந்தியக் குடியரசுத் தலைவராயிருந்த அப்துல் கலாம் அதனால் விளையக்கூடிய பாதுகாப்புக் கேட்டினைச் சுட்டிக் கவலை தெரிவித்தார். விமானத்தளத்தின் ஓடுபாதையை இன்று உலகின் எம்மூலையிலுள்ளவரும் வீட்டிலிருந்தே காணலாம். மறுபுறத்தில், 2021 மார்ச் மாதத்தில் இலங்கை வான்படை தன் எழுபதாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, காலிமுகத்திடலின் மேலே இலங்கை விமானங்களும் இந்திய விமானங்களும் மக்கள் கண்டு களிக்குமாறு சாகசம் புரிந்தன. போர்விமானத்தின் உருவம் தன்னளவில் இரகசியமாயின் அத்தகைய விழா நிகழ்ந்திராது. இரகசியம் உருவத்தில் இல்லை. குறித்த நேரத்தில், குறித்த பணியில், குறித்த இடத்தில் அது இருப்பதிலேயே உள்ளது. அவ்வாறாயின் தடையும் அந்த அளவுக்குக் குறுகியதாகவே இருத்தல் வேண்டும்.

ஒரே செயல், இரு மனிதர்

இங்கே ஒரு சிந்தனைச் சோதனை பொருத்தமாகும். அப்புத்தளை மலைமுகட்டில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி. கழுத்திலே விலையுயர்ந்த கருவி தொங்குகிறது. மற்றவர் அருகிலுள்ள தோட்டத்தின் லயத்திற் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர், கையிலே கைத்தொலைபேசி. வான்படை விமானமொன்று கடந்து செல்கிறது. இருவரும் படமெடுக்கின்றனர். பயணியின் கருவி தொலைவிலுள்ளதையும் நுணுக்கமாகப் பதியும். இளைஞரின் படத்தில் விமானம் ஒரு புள்ளியாகவே தெரியும். தீங்கின் அளவைக் கருதினால் முதலாமவரையே கூடுதலாக விசாரிக்க வேண்டும். அவ்விருவரையும் ஒரே காவலாளி ஒரே குரலில் விசாரிப்பானா என்பதே வினா. ஊவாவின் அண்மைக்கால வரலாற்றை அறிந்த எவரும் இதற்கு உடனடியாக 'ஆம்' என விடை கூறத் தயங்குவர்.

இத்தயக்கம் கற்பனையன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகைகளாகப் பிரித்து இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்க்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாக 'இவர் இந்நாட்டவர்தாமா?' என்ற வினா இம்மக்களைத் தொடர்ந்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் மலையக இளைஞர் பலரும் கைதாகி நீண்டகாலம் தடுத்து வைக்கப்பட்டனர். உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியொருவரிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும், அது தன்விருப்பின்றிப் பெறப்பட்டது என நிறுவும் சுமையைச் சந்தேகநபர்மீதே ஏற்றவும் அச்சட்டம் இடமளித்தது. சந்தேகம் எவ்வளவு கொடிய விலை பெறக்கூடியது என்பதற்கு இம்மாகாணமே சான்று. 2000 ஒக்டோபர் 25ஆந் திகதி, பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள பிந்துனுவெவ புனர்வாழ்வு நிலையத்தில் அரசின் காவலில் இருந்த தமிழ் இளைஞர் பலர் கும்பலொன்றினாற் கொல்லப்பட்டனர். இறுதியில் எவர்மீதும் குற்றம் நிலைக்கவில்லை.

இவ்வாறு ஆளைக் கொண்டு செயலை அளக்கும் முறை காவலாளியின் மனத்தில் மட்டும் தோன்றியதன்று. சட்டத்தின் வாசகத்திலேயே அதற்கு வேர் உண்டு. நாட்டுக்குத் தீங்கான நோக்கத்தைக் காட்டும் குறித்த செயல் எதுவும் நிறுவப்படாதபோதிலும், வழக்கின் சூழ்நிலையிலிருந்தோ, குற்றஞ்சாட்டப்பட்டவரின் நடத்தையிலிருந்தோ, நிறுவப்பட்ட அவரது 'அறியப்பட்ட குணவியல்பிலிருந்தோ' அந்நோக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைப் பின்பற்றியது. இவ்வாசகத்தின் அறவியல் விளைவு பாரதூரமானது. செய்தது என்ன என்று கேட்க வேண்டிய இடத்தில், செய்தவன் யார் என்று கேட்க அது வழிவிடுகிறது. ஒருவனுடைய குணத்தை அறிந்தவர்கள் அவனோடு பழகியவர்களே. பழகாதவருக்கு அவனுடைய பெயரும் மொழியும் முகவரியுமே குணமாகத் தோன்றும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஆபத்து எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வருவதில்லை; ஆகவே சந்தேகமும் ஒரே அளவிற் பரவ வேண்டியதில்லை எனச் சிலர் வாதிடுவர். ஊவாவின் வரலாறே இதற்கும் விடை கூறுகிறது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் முதலாவது தாக்குதல் நிகழ்ந்தது இம்மாகாணத்தின் வெல்லவாயவில். ஏப்ரல் 5ஆந் திகதி அதிகாலையில் அங்குள்ள பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. தாக்கியோர் தோட்டத் தமிழர் அல்லர். சிங்களக் கிராமப்புற இளைஞர். தோட்டத் தமிழரோ, அக்கிளர்ச்சியை நடத்திய இயக்கத்தின் வகுப்புகளிலேயே இந்திய விஸ்தரிப்பு வாதத்தின் கருவிகளென ஐயுறப்பட்டவர்கள். இனத்தைக் கொண்டு ஆபத்தை அளப்பவன் ஒரு திசையையே பார்த்துக்கொண்டிருக்க, ஆபத்து மற்றொரு திசையிலிருந்து வருகிறது. ஆகவே சமமற்ற சந்தேகம் அநீதியானது மட்டுமன்று, காவலுக்கும் உதவாதது.

காணப்படுவோர்

படமெடுத்தலின் அறத்தை முழுமையாக நோக்குவதற்கு, படமெடுக்கப்படுவோரையும் கருதல் வேண்டும். மலைநாட்டின் தோட்டத் தொழிலாளரைப்போல் அனுமதி கேட்கப்படாமலே படமெடுக்கப்பட்ட மக்கள் இந்நாட்டில் வேறிலர் எனலாம். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் இந்நாட்டு உழைப்பாளிகளைப் படமெடுத்தார். அப்படங்கள் இன்று உலகின் பெரிய கலைக்கூடங்களிற் பேணப்படுகின்றன. படத்திலுள்ளோர் பலரின் பெயர்கள் பேணப்படவில்லை. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் ஓயவில்லை. கூடையைச் சுமந்து நிற்கும் பெண்ணின் முகம் தேயிலைப் பெட்டியிலும் சுற்றுலா விளம்பரத்திலும் இடம்பெறுகிறது. வாகனத்தை நிறுத்தி இறங்கி, மலைச்சரிவிற் கொழுந்து பறிப்பவரைப் படமெடுத்துச் செல்லும் பயணி, தான் ஏதோ அனுமதி பெற வேண்டும் என எண்ணுவதில்லை. விமானத்துக்கு வேதனை இல்லை, நாணமும் இல்லை. அதனைப் படமெடுக்க அனுமதி வேண்டும். பெண்ணுக்கு இரண்டும் உண்டு. அவளைப் படமெடுக்க அனுமதி வேண்டாம். இம்முரண்பாட்டைச் சட்டம் காணவில்லை. அறவியல் காணாதிருக்க இயலாது.

வானிலிருந்தும் இம்மக்களின் நிலம் படமெடுக்கப்பட்டுள்ளது. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடிய நிறுவனமொன்று 1956இல் இலங்கையின் வான்படங்களை 1:40,000 அளவுத்திட்டத்தில் எடுத்தது. பின்னர், 1990 முதல் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயப் படங்களைத் தயாரிக்கத் தொடங்கியபோது, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. எந்தச் சரிவு நிலையற்றது, எந்த லயம் ஆபத்தில் நிற்கிறது என்பது இத்தகைய ஆய்வுகளாற் புலப்படுகிறது. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டம் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் மலை சரிந்து அங்குள்ள லயங்களை மூடியது. எச்சரிக்கை இருந்தது, குடியிருப்போர் சென்று வாழ மாற்றிடம் இருக்கவில்லை. சொந்த நிலமோ சொந்த வீடோ இல்லாத குடும்பத்துக்கு 'இவ்விடத்தை விட்டு வெளியேறுக' என்ற அறிவிப்பு மட்டும் பாதுகாப்பாகாது. உயரத்திலிருந்து காணும் வாய்ப்புப் பெற்றவர்க்குக் கண்டதைக் கொண்டு காக்கும் கடமையும் உண்டு. அக்கடமை நிறைவேறாதபோது, காணுதல் வெறும் கணக்கெடுப்பாகிவிடுகிறது.

கண்ணோட்டமும் ஒற்றாடலும்

திருவள்ளுவர் அரசனுக்குரிய இயல்புகளைக் கூறும் பகுதியில் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். மறைவாக அறிதல் அரசுக்குத் தேவை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால், அதிகாரங்களின் வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. குடிகள் அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமையைக் கூறும் 'வெருவந்த செய்யாமை' ஐம்பத்தேழாவது அதிகாரமாகவும், 'கண்ணோட்டம்' ஐம்பத்தெட்டாவது அதிகாரமாகவும் நிற்க, அவற்றின் பின்னரே 'ஒற்றாடல்' ஐம்பத்தொன்பதாவதாக வருகிறது. இன்றைய வழக்கிற் கண்ணோட்டம் என்பது ஒருவருடைய நோக்குநிலையைக் குறிக்கிறது. வள்ளுவர் கருதியதோ, கண்ட மாத்திரத்தில் இரக்கம் பிறக்கும் பார்வையை. குடிகளை அச்சுறுத்தாமலும் இரக்கத்தோடு நோக்கியும் பழகிய அரசனே உளவறியும் தகுதி பெறுகிறான் என இவ்வரிசையைப் பொருள்கொள்வது தவறாகாது. மேலும், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்து. ஐயம் தானே சான்றாகாது. ஐயத்தையும் ஐயுற்றுத் தேற வேண்டும்.

மேல்நாட்டு மெய்யியலாளருள் இம்மானுவல் காண்ட் 1795இல் வெளியிட்ட 'நிலையான அமைதி' என்ற நூலில் ஓர் அளவுகோலைத் தந்தார். பிறரின் உரிமையைத் தொடும் செயலொன்றின் நெறியை வெளிப்படையாகக் கூற முடியாதெனின் அச்செயல் நீதியற்றது என்பது அதன் சாரம். இவ்வளவுகோல் இரகசியம் அனைத்தையும் விலக்குவதன்று. விமானம் எப்போது புறப்படும் என்பதை மறைக்கலாம். 'புறப்படும் நேரத்தை மறைப்போம்' என்ற விதியை வெளிப்படையாகவே கூறலாம், எவரும் அதனை ஏற்பர். 'இன்ன இனத்தவன் படமெடுத்தால் மட்டும் பிடிப்போம்' என்பதை எந்த அரசும் பலகையில் எழுதி வைக்க முடியாது. எழுத முடியாத விதி, நடைமுறையில் இருப்பினும் அறமற்றதே. அவ்வாறே, 'விலையில் நிகழ்ந்த முறைகேட்டை மறைப்பதற்காக விமானத்தை இரகசியமாக்குவோம்' என்பதையும் எழுதி வைக்க இயலாது. 2006இல் உக்ரேனிலிருந்து மிக்–27 ரக விமானங்கள் கொள்வனவு செய்யப்பட்டமை குறித்து 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகையில் இக்பால் அத்தாஸ் எழுதியபின் அச்சுறுத்தலுக்குள்ளானார். அதே கொள்வனவு பற்றிய செய்திகளை வெளியிட்ட 'சண்டே லீடர்' பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆந் திகதி படுகொலை செய்யப்பட்டார், கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை. விமானத்தின் வலிமை பகைவனிடமிருந்து மறைக்கத்தக்கது. அதன் விலை, அதனைச் செலுத்திய மக்களிடமிருந்து மறைக்கத்தக்கதன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம், தேசிய பாதுகாப்பை விதிவிலக்காகக் கூறும்போதே, பொதுநலன் மேலோங்குமிடத்துத் தகவலை வழங்க வேண்டும் எனவும் கூறுவது இவ்வேறுபாட்டை ஏற்றமைக்கு அடையாளமாகும்.

தடையொன்று தேவைப்படுவது இரகசியத்துக்காக மட்டுமன்று என்பதையும் ஊவாவே கற்பித்துள்ளது. 2020 ஜனவரி 3ஆந் திகதி, வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பறப்பை மேற்கொண்ட வான்படையின் வை–12 ரக விமானம் அப்புத்தளையில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். சிதைவுகளின் படங்கள் அன்றே நாடெங்கும் பரவின. அங்கே காக்க வேண்டிய போர் இரகசியம் பெரிதாக எதுவும் இல்லை. ஆயினும், இறந்தோரின் உடலைப் படமெடுக்காதிருக்க வேண்டிய கடமை ஒன்று இருந்தது. மகனுக்கு நேர்ந்ததை அறியாத தாயொருத்தி அதனை முதலில் யாரோ ஒருவரின் தொலைபேசிப் படத்திற் காண நேர்வது கொடுமை. அக்கடமையை எந்த வர்த்தமானியும் விதிக்கவில்லை, கண்ணோட்டமே விதிக்கிறது. அவ்வாறாயின், விமானத்தின் இரும்பைவிட அதனுள் இருந்த மனிதனே படக் கருவியிடமிருந்து கூடுதலான பாதுகாப்புக்கு உரியவன். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குரிய மதிப்பும் விமானிக்குரிய மதிப்பும் இவ்விடத்தில் ஒன்றே.

தடையின் தகைமைகள்

மேற்கூறியவற்றிலிருந்து, படமெடுத்தலைத் தடுக்கும் விதி அறத்துக்கு உடன்பாடானதாக அமையச் சில தகைமைகள் வேண்டும் என்பது பெறப்படும். முதலாவது, தடை காட்டத்தக்க தீங்கொன்றோடு பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். இந்த இடம், இந்தப் பணி என அது சுட்டிக் கூறப்பட வேண்டும். இரண்டாவது, அது முன்கூட்டியே, மக்கள் வாசிக்கும் மொழியில் அறிவிக்கப்பட வேண்டும். பதுளை மாவட்டத்திற் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனஞ் செய்யப்பட்டவை. அவ்வாறான இடத்தில் எச்சரிக்கைப் பலகையிலே தமிழ் இல்லையெனின், வாசிக்க இயலாதவனை விதியை மீறினான் எனக் குற்றஞ்சாட்டுவது முறையாகாது. மூன்றாவது, கருவியை ஏந்தியவர் யார் என்பதைப் பொறுத்து விதியின் வலிமை மாறலாகாது. நான்காவது, தடுத்தவரே தீர்ப்பவராகவும் இருத்தலாகாது.

வாயிலில் நிற்கும் காவலாளி இத்தனை தத்துவங்களையும் ஆராய்ந்து கொண்டிருக்க முடியுமா எனக் கேட்கலாம். முடியாதுதான், அவனிடம் அதனை எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. ஒருவரை நிறுத்தி விசாரிப்பதற்கும், படத்தைக் காட்டுமாறு கேட்பதற்கும், அவ்விடத்தை விட்டு விலகச் சொல்வதற்கும் ஒரு நிமிடம் போதும். சிறையிலிடுவதற்கு ஒரு நிமிடத்தின் அறிவு போதாது. தடுப்பது விரைவாகலாம், தண்டிப்பது விரைவாகலாகாது. முன்னது காவலாளியின் கடமை. பின்னது சான்றையும் நோக்கத்தையும் பொறுமையோடு ஆராயும் நீதிமன்றின் கடமை. இவ்விரண்டும் ஒரே கையிற் சேர்ந்த காலங்களிலேதான் இந்நாட்டு இளைஞர் பலர் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைத் தடுப்புக்காவலில் இழந்தனர்.

2025 நவம்பர் இறுதியில் 'டிட்வா' புயலின் மழையால் மலைநாடெங்கும் மண்சரிந்தபோது, பதுளை மாவட்டமும் பெரும் அழிவுக்குள்ளாயிற்று. பாதைகள் துண்டிக்கப்பட்ட மலைநாட்டில் இலங்கை வான்படையின் ஹெலிகொப்டர்களோடு இந்திய வான்படையின் ஹெலிகொப்டர்களும் மீட்புப்பணியில் ஈடுபட்டன. நிவாரணப் பணியின்போது லுணுவிலவில் ஹெலிகொப்டர் விழுந்ததில் வான்படை விமானியொருவர் தம் உயிரையும் ஈந்தார். அந்நாட்களில் இராணுவ விமானத்தின் ஒலி அச்சத்தின் ஒலியாகவன்றி வாழ்வின் ஒலியாகக் கேட்டது. அவ்வேளையில் அதனை நோக்கிக் கருவியை உயர்த்திய கைகளை உளவாளியின் கைகள் என எவர் கூறுவர்? குடிமகனுடைய பார்வைக்கும் அரசின் விமானத்துக்கும் இடையிலுள்ள உறவு இயல்பிலேயே பகையானதன்று என்பதை அவ்விடர் உணர்த்திற்று. காக்க வருவது என்ற நம்பிக்கை பிறந்த இடத்தில், மறைக்க வேண்டியதன் அளவும் குறைகிறது.

அரசின் இரகசியம் குடிமக்களின் பாதுகாப்புக்காக அவர்களே அரசிடம் ஒப்படைத்த பொருள். ஒப்படைத்தவர்களையே அதனால் அச்சுறுத்துவது நம்பிக்கைத் துரோகமாகும். குடிமகனும் தன் கருவிக்கு எட்டுவதெல்லாம் தனக்கு உரியது எனக் கொள்ளலாகாது. பிறர் உயிருக்கு ஊறு விளைக்கும் படத்தையும், பிறர் துயரைக் காட்சிப்பொருளாக்கும் படத்தையும் எடுக்காது விடுதல் அவனது கடன். ஆயினும் இவ்விரு கடமைகளுள் வலியவருடைய கடமையே முந்தியது. வானிலிருந்து நிலத்தைக் காணும் அதிகாரத்தையும், நிலத்திலிருந்து வானைக் காண்பதைத் தடுக்கும் அதிகாரத்தையும் ஒருங்கே பெற்றவர், தம் பார்வையிற் கண்ணோட்டம் உண்டா என்பதைத் தாமே முதலிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும். அவ்வினாவுக்கு ஊவாவின் லயங்களிலிருந்து 'உண்டு' என்ற விடை எழும் நாளிலேயே, விமானத்தளத்தின் வேலியிலுள்ள எச்சரிக்கைப் பலகையும் அச்சமின்றி மதிக்கப்படும்.